புதூர்நாட்டு மாஸிக்கு ஒரு பம்ப்

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தை மூன்று நாடாகச் சொல்வார்கள்: புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மூன்றுக்கும் சமவெளியில் பெரிய ஊர் திருப்பத்தூர்தான். ஆஸ்பத்திரி, கோர்ட், உரக்கடை, டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் என்று எதற்கும் மலையிறங்க வேண்டும். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் கிட்ட வந்துவிட்டது. ஒரு ஆயில் சீல் வாங்க வேண்டுமென்றால் இன்னும் அதே கொண்டை ஊசி வளைவுகள்தான்.

நான் போனது மார்கழியில். திருப்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புதூர்நாட்டில் பழைய டிராக்டர் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினார். மலையைப் பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். ஜீப்பின் பின்சீட்டில் ஹோஸ், கேஜ், ஸ்பேனர் பை எல்லாம் எனக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. ஏற ஏறக் காற்று மாறியது. கீழே மாந்தோப்பும் தென்னையுமாக இருந்தது, மேலே புளியும் பலாவும் சாமைக் கொல்லையுமாக ஆனது. அறுத்த சாமையைக் களத்தில் பரப்பி அதன்மேல் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாடு கட்டிப் போரடித்த வேலையை இப்போது டயர் செய்கிறது.

நாங்கள் தேடிப்போன வண்டி ஒரு மாஸி ஃபெர்குசன் 1035. சிவப்பெல்லாம் போய்த் துருவின் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் முகத்தில் ஒரு லோடர். கீழ்நாட்டுப் பட்டறை ஒன்றில் சேனலையும் தகட்டையும் வெட்டி ஒட்டிச் செய்தது. வண்டியையும் லோடரையும் சேர்த்தே செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார் அதன் சொந்தக்காரப் பெரியவர். எருக்குழியை அள்ள, கொல்லையில் பொறுக்கிய கல்லை ஓரம் கட்ட, மழையில் கரைந்த வரப்புக்கு மண் போட, சாலையில் சரிந்த மண்ணைத் தள்ள என்று மலையில் அதற்கு வேலை ஓயாது. ஜேசிபியைக் கூப்பிடலாமே என்றால், கீழிருந்து ஏறி வருவதற்கும் இறங்கிப் போவதற்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள். இரண்டு மணி நேர வேலைக்கு அது கட்டுப்படியாகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜேசிபி என்ற பெயருக்கு உரியவரான ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-இல் இங்கிலாந்தின் உட்டாக்ஸெட்டரில் தொழில் தொடங்கியபோது செய்தது ஒரு டிப்பிங் டிரெய்லர். அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த முக்கியமான சரக்கு, ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் முன்னால் மாட்டும் ஹைட்ராலிக் லோடர். பின்னால் தோண்டும் கை 1953-இல்தான் வந்தது. இன்று மலையேற வாடகை கேட்கும் மஞ்சள் வண்டியின் பாட்டன், பெரியவரின் வாசலில் நிற்பதைப் போன்ற டிராக்டர் லோடர்தான்.

பெரியவரின் குறை சுருக்கமானது. “தூக்க மாட்டேங்குதுப்பா. பம்ப் போயிடுச்சுன்னு சொல்றாங்க. பெரிய பம்பா ஒண்ணு மாட்டிக் குடு.”

நண்பர் பதில் சொல்லவில்லை. பெரியவரின் மகனை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கெட்டில் கல்லை நிரப்பி, மேலே தூக்கி, லீவரை நடுவில் விடச் சொன்னார். பிறகு டீ கேட்டார். டீ வந்து குடித்து முடியும்வரை பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இம்மியும் இறங்கவில்லை.

“ஜாக்கி நல்லா இருக்குங்கய்யா” என்றார். ஜாக்கி என்றது லோடரின் சிலிண்டரை.

சோதனையின் பொருளைப் பிறகு எனக்கு விளக்கினார். தூக்கி வைத்த பக்கெட் தானாக இறங்கினால் அதில் பம்புக்குப் பங்கில்லை. லீவர் நடுவுக்கு வந்ததும் வால்வு சிலிண்டரின் வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகும் இறங்கினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் போயிருக்க வேண்டும், அல்லது வால்வுக்குள் ஸ்பூல் தேய்ந்திருக்க வேண்டும். நிற்கிறது, ஆனால் மெதுவாக ஏறுகிறது என்றால் பம்பு, ஃபில்டர், ரிலீஃப் வால்வு மூன்றில் ஒன்று. காலையில் நன்றாகத் தூக்கி, எண்ணெய் சூடானதும் சோர்ந்துபோனால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாகத் திரும்பி ஓடிவிடுகிறது. பெரிய பம்ப் வாங்கிவந்து மாட்டி, காசு போய், பக்கெட் அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும் வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

பெரியவரின் வண்டி மெதுவாக ஏறும் ரகம். அதற்குக் காரணம் தேய்மானம் மட்டுமல்ல, வண்டியின் பிறப்பும்தான். அதைச் சொல்ல ஃபெர்குசனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தின் வடபகுதிக்காரரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாமல் டிராக்டரின் உடம்போடு மூன்று புள்ளிகளில் கோர்த்தார். மண்ணின் இழுவைக்கு ஏற்ப ஹைட்ராலிக் தானாகக் கலப்பையை ஏற்றி இறக்கும் முறைக்கு 1926-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1946-இல் கவென்ட்ரியில் உருவாகத் தொடங்கிய அவரது சாம்பல்நிற டிஇ20 உலகமெங்கும் போனது. 1953-இல் அவர் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை நம் ஊரிலேயே செய்தது. தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டிய விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் ஏறி உட்கார்ந்த டிராக்டர் மாஸி என்றுதான் பலர் சொல்வார்கள்.

அந்த வம்சத்து வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் வெளியே தெரியாது. பின்பக்கக் கூட்டுக்குள், கியர் ஆயிலில் மூழ்கி, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்டில் ஓடும் நான்கு பிஸ்டன் பம்ப் அது. கட்டுப்பாட்டு வால்வு எண்ணெய் வெளியேறும் பக்கம் இல்லை, உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. வேண்டும்போது மட்டும் எண்ணெயை உள்ளே விடும். ஐந்து கொத்துக் கலப்பையை ஒரு முழம் தூக்கி இறக்க அதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. லோடருக்கு அது பொருந்தாது. கலப்பை ஒரு சாலின் முனையில் ஒரு முறை ஏறும். லோடர் நாள் முழுக்க ஏறி இறங்கி, கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே இருக்கும். நல்ல நிலையிலேயே நிமிடத்துக்கு 15, 17 லிட்டர் அளவில் எண்ணெய் தரும் பம்ப் அது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரட்டை கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்சை மிதித்தால் பிடிஓ நிற்கும், பிடிஓ நின்றால் பம்ப் நிற்கும். கல்குவியலை நோக்கி வண்டியை நகர்த்திக்கொண்டே பக்கெட்டைத் தூக்க வேண்டிய நேரத்தில் கால் கிளட்சில் இருக்கும், பக்கெட் பாதியில் நிற்கும். பெரியவரின் மகன் அதற்கென்று ஒரு வித்தை பழகியிருந்தார். நகர்த்தி, நிறுத்தி, நியூட்ரல் போட்டு, கிளட்சை விட்டு, தூக்குவது. பார்க்கவே நமக்கு முழங்கால் வலிக்கும்.

ஆக வெளியே தனியாக ஒரு பம்ப் மாட்டத்தான் வேண்டும். எவ்வளவு பெரியது என்பதில்தான் பெரியவருக்கும் நண்பருக்கும் பேச்சு நீண்டது.

“பெரிய பம்புன்னா அதிகமாத் தூக்குமில்ல?”

“இல்லீங்கய்யா. வேகமாத் தூக்கும். அதிகமாத் தூக்காது.”

டிராக்டர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பம்ப் தருவது எண்ணெயின் ஓட்டத்தை. அழுத்தம் சுமையிலிருந்து வருகிறது, அதன் எல்லையை ரிலீஃப் வால்வு வைக்கிறது. எவ்வளவு எடை தூக்கும் என்பதை முடிவு செய்வது சிலிண்டரின் விட்டமும் ரிலீஃப் வால்வின் அமைப்பும். எவ்வளவு சீக்கிரம் தூக்கும் என்பது மட்டுமே பம்பின் கையில்.

நண்பர் சிலிண்டரை அளந்தார். உள்விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 60 சென்டிமீட்டர், இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றின் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர், இரண்டையும் முழுக்க நீட்ட மூன்றே முக்கால் லிட்டர் எண்ணெய். சாக்பீஸால் மட்கார்டிலேயே கணக்குப் போட்டார். பக்கெட்டில் 400 கிலோ, பக்கெட்டும் கையும் சேர்ந்து 200 கிலோ. கையின் நெம்பு விகிதம் ஐந்து என்று வைத்தாலும் சிலிண்டர்கள் தள்ள வேண்டியது 3,000 கிலோ. அதற்கு 50 பார் அழுத்தம்கூட வேண்டாம். மண்ணைக் குத்திப் பெயர்க்கும்போதுதான் அழுத்தம் ஏறும். அதற்கு 150 பார் தாராளம். இப்போது கடையில் கிடைக்கும் கியர் பம்புகள் 200 பாருக்கு மேலும் தாங்கும். பழைய ஹோஸும் பட்டறையில் ஒட்டிய லோடர் கையும் தாங்காது.

உள்பம்ப் 17 லிட்டர் தந்தால் மூன்றே முக்கால் லிட்டர் போய்ச்சேர 13 விநாடி ஆகும். சுற்றுக்கு 16 சிசி தள்ளும் கியர் பம்பை இன்ஜினின் 1,500 சுற்றில் ஓட்டினால், பத்தில் ஒரு பங்கு கசிவைக் கழித்து, நிமிடத்துக்கு 21, 22 லிட்டர் வரும், பத்து விநாடி. 2,000 சுற்றில் 29 லிட்டர், எட்டு விநாடி. 25 சிசி பம்ப் போட்டால் ஐந்து விநாடியில் ஏறிவிடும். ஆனால் 45 லிட்டரை 150 பாரில் தள்ள, நஷ்டங்களையும் சேர்த்து, 18 குதிரைத்திறன் வேண்டும். வண்டியின் மொத்தத் திறனே 36, அதுவும் புதிதாக இருந்தபோது. குவியலில் பக்கெட் குத்தி நிற்கும் நேரத்தில் பாதித் திறனைப் பம்ப் விழுங்கினால் இன்ஜின் முக்கி நின்றுவிடும். 16 சிசி என்றால் 11 குதிரைத்திறனோடு போகும்.

பெரியவர் மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எட்டு விநாடி போதும்பா, நான் என்ன ரேஸா ஓட்டப்போறேன்” என்றார். பேரம் முடிந்தது.

கியர் பம்ப் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கூட்டுக்குள் இரண்டு பல்சக்கரம், அவ்வளவுதான் அதன் உள்விவகாரம். பற்களின் இடுக்கில் எண்ணெய் சுற்றி வந்து மறுபக்கம் பிதுங்கும். வால்வே இல்லாத இந்த அமைப்பை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோசித்தவர்களில் ஒருவர் யோகான்னஸ் கெப்ளர், கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்ட அதே வானியலாளர். சுரங்கத் தண்ணீரை இறைக்க அதை நினைத்தார். இதே ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. கெப்ளரின் ஒரு பாதி அங்கே, மறு பாதி எருக்குழியில்.

அடுத்த கேள்வி, சுழற்சியை எங்கிருந்து எடுப்பது. பிடிஓவில் மாட்டுவது சுலபம். போல்ட் கழற்றினால் பம்ப் கையோடு வந்துவிடும். ஆனால் பிடிஓவின் 540 சுற்று கியர் பம்புக்குப் போதாது, மூன்று மடங்கு ஏற்றும் கியர் பெட்டி சேர்க்க வேண்டும். கிளட்ச் மிதித்தால் நிற்கும் பழைய தொல்லையும் கூடவே வரும். பின்னால் ரொட்டவேட்டரோ தண்ணீர் பம்போ மாட்ட முடியாது. பெல்ட் போட்டு ஓட்டலாம். ஆனால் பெல்ட்டின் இழுப்பு பம்ப் ஷாஃப்டைப் பக்கவாட்டில் வளைக்கும். சாதாரண கியர் பம்பின் புஷ் அதற்குப் பிறந்ததல்ல, வெளி பேரிங் வைத்த பம்பாகவோ தனித் தாங்கியாகவோ இருக்க வேண்டும். அதோடு சேறும் தூசியும் பட்டால் பெல்ட் வழுக்கும். நண்பருக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கிராங்க் புல்லியில் ஒரு அடாப்டர் கடைந்து மாட்டி, ரேடியேட்டருக்குக் கீழே முன்புறமாக ஒரு சின்ன ஷாஃப்டை நீட்டி, அதன் முனையில் பம்ப். இன்ஜின் ஓடும்வரை எண்ணெய் ஓடும், கால் எங்கே இருந்தாலும் கவலையில்லை. நல்ல லேத்துக்காரர் வேண்டும். கிராங்கும் பம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் கப்ளிங் ரப்பரும் ஆயில் சீலும் மாதாமாதம் மாறும். பம்பின் முன்னால் கனமான பாதுகாப்புத் தகடும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாறையிலேயே பம்ப் நொறுங்கும்.

இங்கேதான் சுழலும் திசை வருகிறது. இந்த வண்டியின் கிராங்க், முன்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்று. பம்பின் திசையை அதன் ஷாஃப்ட் முனையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். முன்னால் மாட்டும் பம்பின் ஷாஃப்ட் இன்ஜினைப் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அதே சுழற்சி எதிர்ச்சுற்று. ஆக, வாங்க வேண்டியது இடச்சுற்றுப் பம்ப். பெரியவரிடம் ஏற்கெனவே ஒரு பம்ப் இருந்தது, கடைக்காரர் ஒருவர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தது. மாட்டிய அன்றே ஷாஃப்ட் வழியாக எண்ணெய் பீறிட்டதாம். நண்பர் அதைத் திருப்பிப் பார்த்தார். வலச்சுற்று. ஒருதிசைப் பம்பில் ஷாஃப்ட் சீலுக்குப் பின்னால் கசியும் எண்ணெய் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும்படி உள்வழி இருக்கும். எதிராகச் சுற்றினால் அந்த இடம் அழுத்தப் பக்கமாகிவிடும், சீல் பிதுங்கி வெளியே வரும். இரண்டு துளைகளில் பெரியது உறிஞ்சும் பக்கம், சின்னது தள்ளும் பக்கம் என்பதைத் தெரிந்து வைத்திருந்தாலே கடையில் பாதி ஏமாற்றம் தவிரும்.

மலை என்பதால் வரும் பாடுகள் தனி. எண்ணெய்த் தொட்டி பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும், உறிஞ்சும் குழாய் தொட்டியின் அடியில் திறக்க வேண்டும். சமவெளியில் அரைத் தொட்டி எண்ணெயோடு ஓட்டிவிடலாம். புதூர்நாட்டுக் கொல்லைகளில் வண்டி எப்போதும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடி, குழாய் காற்றைக் குடித்தால் பம்ப் கொட்டைப்பாக்கை அரைப்பதுபோலக் கத்தும். பற்கள் கீறி வீணாகச் சில நாட்கள் போதும். அதனால் அகலத்தைக் குறைத்து உயரமாக 30 லிட்டர் தொட்டி, உள்ளே தடுப்புத் தகடு. உறிஞ்சும் ஹோஸ் ஒரு அங்குலம், வெற்றிடத்தில் சுருங்காத கம்பிச் சுருள் வைத்தது. அழுத்த ஹோஸ் அரை அங்குலம் போதும். இரண்டையும் அரை அங்குலமாகப் போட்டு முடிப்பதுதான் பட்டறைகளில் சர்வசாதாரணம். பம்ப் ஏன் கத்துகிறது என்று அப்புறம் பம்பையே மாற்றுவார்கள். திரும்பும் வழியில் ஃபில்டர் கட்டாயம். எண்ணெய் 68 தடிமன் கீழ்நாட்டு வெயிலுக்குச் சரி. மார்கழி விடியலில் இந்தக் குளிரில் அது பாகு மாதிரி நிற்கும், 46 போட்டால் பம்புக்கு மூச்சு முட்டாது.

இவ்வளவும் பேசியபின் நண்பர் முன்சக்கரங்களுக்குப் போனார். ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஹப் பேரிங் ஆடியது, முன் ஆக்சிலின் நடுப் பின் தேய்ந்திருந்தது. பம்பைவிட இதுதான் அவரைக் கவலைப்படுத்தியது. முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் 400 கிலோ தொங்கினால், 1.8 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியில் முன் ஆக்சிலுக்கு ஏறுவது 400 அல்ல, 660 கிலோவுக்கு மேல். அந்த மிச்சம் 260 கிலோ பின்சக்கரத்திலிருந்து உருவப்படுகிறது. பிரேக் இருப்பதோ பின்சக்கரத்தில் மட்டும். சரிவில் பக்கெட்டை உயர்த்தி இறங்கினால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது, வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. இதே புதூர்நாட்டுப் பகுதியில் 2022 ஏப்ரலில், செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அது வேறு வண்டி, வேறு காரணம். ஆனால் சரிவு அதே சரிவு. பெரியவர் தலையாட்டினார், ஒன்றும் பேசவில்லை.

எனவே பட்டியல் மாறியது. முதலில் முன் ஹப்பும் நடுப் பின்னும். அடுத்து, பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் கல் நிரப்பிய இரும்புப் பெட்டி, எதிரெடைக்கு. அதற்கப்புறம்தான் பம்ப். லோடருக்குத் தனித் தொட்டி, தனி எண்ணெய், ரிலீஃப் வால்வோடு கூடிய இரண்டு லீவர் வால்வு. உள்பம்பை அதன் பாட்டுக்குக் கலப்பை தூக்க விட்டுவிடுவது. மகன், “ரிலீஃப் ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கினா இன்னும் தூக்குமாண்ணா?” என்று கேட்டார். நண்பர், “தூக்கும் தம்பி, எதைத் தூக்குதுன்னுதான் தெரியாது. கையும் வளையும், ஹோஸும் வெடிக்கும்” என்று சொல்லி, 150 பாரில் வைத்து ஸ்குரூவுக்குச் சீல் கம்பி போடப்போவதாக மிரட்டினார்.

மதியம் அங்கேயே சாப்பாடு, சாமைச் சோறும் புளிக்குழம்பும். இறங்கும் வழியில் நண்பர் பம்ப் பேச்சை விட்டுவிட்டு, மலைக்கு வாங்கும் பழைய டிராக்டரில் பவர் ஸ்டீரிங் இல்லையென்றால் லோடரே மாட்டக் கூடாது என்று ஒரு வாதம் தொடங்கினார். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். மலையில் இருக்கிற வண்டி இதுதான், இருக்கிற கையும் இதுதான்.

உங்கள் வீட்டில் பழைய டிராக்டர் இருந்து, முன்னால் லோடர் மாட்டும் எண்ணமும் இருந்தால், கடைக்குப் போகும்போது பழைய பம்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சிலிண்டரின் உள்விட்டமும் ஓட்டமும், இன்ஜின் சுற்று, பம்ப் நிற்கப்போகும் இடம், அங்கே ஷாஃப்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது, நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 35 குதிரைத்திறன் வண்டிக்கு 16 சிசிக்கு மேல் யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.